யார் பெயரில் ஓடட்டும்

நான்கு மணிக்குள் புது சர்வர் ஓட ஆரம்பித்துவிட வேண்டும், பழையதை இன்றைக்கே துடைத்துவிட வேண்டும் என்று மேனேஜர் விஸ்வேஸ்வரன் காலையிலிருந்து இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒரு தடவை சொன்னால் அது வேலை, இரண்டு தடவை சொன்னால் அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது என்பது சிகாமணியின் கட்சி. அவன் பிறவியிலேயே அப்படித்தான். பால் கொஞ்சம் கெட்டியாக இருந்தாலும் பால்காரர் எதற்கு அடிபோடுகிறார் என்று யோசிக்கிறவன், மனைவி கலாமணி காரணமில்லாமல் சிரித்தால் யார் போன் பண்ணினார்கள் என்று கேட்கிறவன். கோயமுத்தூர் அவினாசி ரோட்டில், மூன்றாவது மாடியில், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற அந்தப் பொடி எழுத்துத் தாள்களை இங்கிலீஷிலிருந்து தமிழுக்கும் தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் மாற்றிக் கொடுக்கிற கம்பெனி அது. ஹாலில் இருபத்தைந்து பேர் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறார்கள். சிகாமணிக்கு மொழி கிடையாது. அவனுக்கு இருப்பது ஹாலுக்குப் பின்னால் ஒரு குளிர்ந்த அறை, அதில் சர்வர், ஒரு கண்ணாடிச் சன்னல், பதினாறு வருஷமாக ஒரே நாற்காலி. இப்போது மணி இரண்டு பத்து. சன்னலுக்கு அந்தப் பக்கம் பாதிப் பேர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தார்கள், மீதிப் பேர் அவனைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். பார்க்காத மாதிரி இருப்பதற்கும் பார்க்காமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் தனக்குத் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டான். திரையில் எஞ்சின்களின் பட்டியல் திறந்து கிடந்தது. எஞ்சின் என்றால் புகையும் கிடையாது சத்தமும் கிடையாது. முன்னால் மனிதர்கள் வேலை செய்கிறபோது பின்னால் யார் கண்ணிலும் படாமல் ஓடுகிற ஐந்து வேலையாட்கள், அவ்வளவுதான். ஒன்று வந்த கோப்பை உள்ளே இறக்கும். ஒன்று அதை வாக்கியம் வாக்கியமாக நறுக்கும். ஒன்று, இதே மாதிரி வாக்கியம் முன்னால் எப்போதாவது மொழிபெயர்த்திருந்தால் அதை எடுத்து நிரப்பி ஒப்புதலும் போட்டுவிடும். ஒன்று சரிபார்க்கும், ஒன்று கட்டி அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் எந்த மெஷினில் ஓட வேண்டும், எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டையும் முடித்துவிட்டான். மூன்றாவதில்தான் கை நின்றது.

கை நின்றதற்குக் காரணம் வேலை இல்லை, நான்கு மணி. நான்கு மணிக்கு மேனேஜர் அறையில் ஹெப்சிபா கையெழுத்துப் போடப் போகிறாள். தமிழ்ப் பிரிவில் கடைசியாகச் சரிபார்த்து ஒப்புதல் போடுகிறவள் அவள், பத்து வருஷ சர்வீஸ், நாகர்கோவில்காரி. ஊசி மருந்து ஒன்றின் தாளில் தப்பு நடந்துவிட்டது. ஒரே மருந்துக் கம்பெனி இரண்டு ஊசி மருந்து செய்கிறது. ஒன்று இயல்பிலேயே பால் மாதிரி கலங்கி இருக்கும், குலுக்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்று தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும், அது கலங்கினால் கெட்டுப்போய்விட்டது, தூக்கி எறிய வேண்டும். எறிய வேண்டிய மருந்தின் தாளில், கலங்கியிருந்தால் மெதுவாகக் குலுக்கிப் போட்டுக்கொள்ளவும் என்று அச்சாகிவிட்டது. பெட்டிகள் கடைக்குப் போவதற்குள் ஒரு டாக்டர் படித்துப் பார்த்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திங்கட்கிழமை மருந்துக் கம்பெனியிலிருந்து வந்த போனில் விஸ்வேஸ்வரன் நின்றபடியே பேசினார், நின்றபடியே வேர்த்தார். யார் ஒப்புதல் போட்டது என்று பார்த்தால் ஹெப்சிபா பெயர். போன மாதம் மூன்றாம் ஞாயிறு, காலை ஒன்பது பத்து. தப்பு என்னுடையதுதான் என்று அவள் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும், இனி இந்தத் தொழிலில் எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்க்காது. ஞாயிறு ஒன்பது பத்துக்கு அவள் கோவிலில் பாட்டுக் குழுவில் நின்றுகொண்டிருப்பாள் என்பது ஹாலில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் செவ்வாய்க்கிழமை மேனேஜர் சிகாமணியைக் கூப்பிட்டு இது எப்படி என்று கேட்டபோது, அவன் ஒரு நிமிஷம் கூட யோசிக்காமல், பாஸ்வேர்டை வெளியே யாருக்காவது கொடுத்து வேலை வாங்கியிருப்பாங்க சார் என்று சொன்னான். சொல்லும்போது எவ்வளவு நிச்சயமாக இருந்தது. அவளுக்குத் தம்பி ஒருத்தன் வேலையில்லாமல் இருக்கிறானாமே, அவனாக இருக்கும். இரண்டு வருஷமாக அதிக வாக்கியங்களுக்கு ஒப்புதல் போட்டவர் என்று சுவர்க் கடிகாரம் பரிசு வாங்கினாளே, மனுஷியால் ஆகிற காரியமா அது. பரிசு கொடுத்த அன்றைக்கே அவனுக்குச் சந்தேகம்தான். கை தட்டிக்கொண்டே சந்தேகப்பட்டான். மேனேஜர் தலையை ஆட்டி அதைக் குறித்துக்கொண்டார். அதற்கப்புறம் யாரும் வேறு எதையும் தேடவில்லை.

மூன்றாவது எஞ்சினுக்கு மட்டும் ஒரு கட்டம் கூடுதல். ஒப்புதல் போடுகிற எஞ்சின் என்பதால், யார் பெயரில் ஓடட்டும் என்று அது கேட்கும். புது சர்வரில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. பழையதில் என்ன போட்டிருந்தோம், மூன்று வருஷம் முன்னால் போட்டது, யாருக்கு ஞாபகம் இருக்கிறது. நன்றாக ஓடுகிறதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பழைய சர்வரைத் திறந்தான், அமைப்புக்குள் போனான், நிரப்பும் எஞ்சின், ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணி, பெயர் ஹெப்சிபா. முதலில் தோன்றியது, எவனோ உள்ளே புகுந்து மாற்றியிருக்கிறான் என்பதுதான். நம்ம ஆளுக்கு அதுதானே முதலில் தோன்றும். யார் மாற்றியது என்கிற வரிக்குப் போனான். அதில் அவன் பெயர்தான் இருந்தது. எழுந்து கதவைச் சாத்தினான், சாத்தியதை யாராவது பார்த்திருப்பார்களோ என்று திரும்பத் திறந்து அரை அடி விட்டு வைத்தான். எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. எஞ்சினுக்கென்று தனியாக ஒரு பெயர் வாங்கலாம் என்று சொன்னதற்கு, இருக்கிற பேர்ல யாரையாவது ஒட்டிவிடுங்க சிகாமணி என்று மேனேஜர் சொன்னது. ஒட்டிவிட்டது. மறந்தது. அப்புறம் போன வருஷம் வேலை குவிந்தபோது, பக்கத்துப் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே, நூற்றுக்கு நூறு ஒத்துப்போனால்தான் நிரப்புமா, கொஞ்சம் இறக்குங்க என்று அவர் சொன்னது, இவன் எண்பத்தைந்துக்கு இறக்கியது. எண்பத்தைந்து என்றால் கலங்கியிருந்தால் என்பது வரைக்கும் ஒத்துப்போகும், குலுக்கு என்பதும் எறி என்பதும் மிச்சப் பதினைந்தில் போய்விடும். பேக்கரியில் சொன்னதற்கு எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. எழுத்தில் இருப்பது சிகாமணியின் பெயர் மட்டும், அதுவும் இன்றைக்குத் துடைக்கப்போகிற மெஷினில். இன்றைக்கே துடைத்துவிடுங்க என்று இரண்டு தடவை.

அப்படியானால் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அவளைத் தள்ளிவிடப் பார்க்கிறார், காதும் காதும் வைத்தாற்போல முடிக்கப் பார்க்கிறார். இல்லை, அவருக்கு எஞ்சினுக்கும் இஞ்சிக்கும் வித்தியாசம் தெரியாது, பழைய மெஷினின் கெடு இன்றோடு முடிகிறது, அதனால் சொன்னார். கெடு அடுத்த வாரம் வரைக்கும் நீட்டலாமே, நீட்டக் கேட்கவில்லையே. நீட்டலாம் என்று நீ சொன்னாயா? சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சிகாமணி நாற்காலியைத் திருப்பி ஹாலைப் பார்த்தான். ஹெப்சிபா தன் இடத்தில் உட்கார்ந்து மேஜை இழுப்பறையைக் காலி பண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு டம்ளர், தலைவலித் தைலம், பைபிள் வசனம் போட்ட சின்னக் காலண்டர். இந்த நான்கு நாளில் அவள் ஒரு தடவை கூடச் சண்டை போடவில்லை. குற்றமில்லாதவள் ஏன் சண்டை போடவில்லை? இதுவும் அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. கத்தியிருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை நான் கோவிலில் இருந்தேன் என்று நூறு பேரைச் சாட்சிக்குக் கூட்டி வந்திருக்கலாம். பேசாமல் இருக்கிறாள் என்றால் அவளுக்கு எஞ்சின் விஷயம் தெரியும், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது நான்கு மணிக்கு எடுத்து வீசப் போகிறாள், பாவி, என் பெயரோடு. அதற்குத்தான் இந்த அமைதி. காலையில் தண்ணீர் பிடிக்க வந்தபோது சர்வர் மாத்தறீங்களாமே சார் என்று கேட்டாளே, அவள் எதற்கு அதைக் கேட்க வேண்டும்? இழுப்பறையைக் காலி பண்ணுகிறவள் அந்த வேலையைப் பார்க்காமல் ஏன் இந்தப் பக்கம் பார்த்தாள்? பார்த்தாளா? கண்ணாடியில் தெரிந்தது அவன் முகம்தானோ என்னவோ. சரி, யாருக்கும் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். புதுக் கட்டத்தில் வேறு ஒரு பெயர், நூற்றுக்கு நூறு, சேமி, பழையதைத் துடை. இரண்டு சொடுக்கு. பெண்ணுக்குக் காலேஜ் இரண்டாம் வருஷம், தனக்கு நாற்பத்தாறு வயது, இந்த ஒரு சாப்ட்வேரைத் தவிர வேறு எதுவும் தெரியாது. எவன் வேலை கொடுப்பான்? அவளுக்குக் கணவன் மின்வாரியத்தில் இருக்கிறான். இது என்ன கணக்கு, அவள் வீட்டில் சோறு வெந்துவிடும் என்பதால் அவள் தலையில் கட்டலாமா? கேவலமாக இருந்தது. கேவலமாக இருந்தும் விரல் சேமி என்கிற பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மணி மூன்று.

போய்ச் சொல்லிவிடுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை, தெரியாமல் நடந்துவிட்டது என்று சொன்னால் போயிற்று, மனிதன் என்றால் மறதி உண்டு. இந்த இடத்தில்தான் ஒரு முள் மாட்டியது. ஏன் அவள் பெயர் என்று கேட்பார்கள். ஒப்புதல் போடுகிற உரிமை அன்றைக்கு மூன்று பேருக்கு இருந்தது, தெலுங்குக்குச் சத்யவதி, மலையாளத்துக்குப் பிரசன்னன், தமிழுக்கு இவள். மூன்றில் எந்தப் பெயரைப் போட்டாலும் எஞ்சின் ஓடும், எஞ்சினுக்கு மொழி ஏது. பட்டியலில் முதல் பெயரைப் போட்டிருப்பேன் என்று சொல்லிக்கொண்டான். அப்பாடா என்று இருந்தது. சந்தேகம் விடுமா, பட்டியலைத் திறந்து பார்த்தான். வேலைக்குச் சேர்ந்த வரிசையில் இருந்தது. முதலில் பிரசன்னன், அப்புறம் சத்யவதி, மூன்றாவது ஹெப்சிபா. மூன்று வருஷம் முன்னால் வேறு வரிசையில் இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம்தான். ஏசியைப் பாருங்க. எங்கிருந்தோ அந்தக் குரல் வந்தது, அவன் கூப்பிடவே இல்லை. ஹாலில் ஒரு நாள் ஊசியின் முனையைப் பொத்தி வைக்கிற அந்தச் சமாசாரத்துக்கு என்ன வார்த்தை போடுவது என்று எட்டுப் பேர் வட்டமாக நின்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இவன் கேபிள் பார்க்க அந்த வழியாகப் போனவன், மூடின்னு போடுங்களேன், எங்க வீட்ல அப்படித்தான் சொல்லுவோம் என்றான். ஹெப்சிபா தலையைத் தூக்காமல், வார்த்தைய நாங்க பாத்துக்கறோம் சார், நீங்க ஏசியப் பாருங்க என்றாள். எட்டுப் பேரும் சிரித்தார்கள். சிகாமணியும் சிரித்தான், எல்லோரையும் விடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். பத்து நாள் கழித்து அச்சாகி வந்த தாளில் மூடி என்றுதான் இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதெல்லாம் ஒரு விஷயமா. மூன்று வருஷமாக அவளைப் பார்த்து வணக்கம் சொல்லியிருக்கிறான், அவள் அப்பா செத்தபோது நாகர்கோவில் வரைக்கும் பஸ் ஏறிப் போயிருக்கிறான், கோபம் இருக்கிறவன் போவானா? கோபம் இல்லை. கோபமே இல்லை. அப்படியானால் பெயர் போட்டது அதற்கு முன்னாலா பின்னாலா? முன்னால் என்றால் தப்பித்தான். முன்னாலாகத்தான் இருக்கும், அந்த எஞ்சின் மார்ச்சில் வந்தது, அந்தச் சிரிப்பு வெயில் காலத்தில், இல்லை, மார்ச்சிலேயே வெயில் வந்துவிட்டது அந்த வருஷம். ஏசி பழுதாகி இருந்ததால்தானே அவள் ஏசியைச் சொன்னாள். ஏசி எப்போது பழுதானது? அன்றைக்கு ராத்திரி கலாமணியிடம் சொன்னேனா? வீட்டில் வாயால் சொன்ன ஞாபகம் இல்லை. செய்தி போட்டேன். போனை எடுத்துக் கலாமணியோடு பேசியதில் ஏசி என்று தேடினான். விரல் ஈரமாக இருந்ததால் இரண்டு தடவை தப்பாக அடித்தது. வந்தது. மார்ச் ஒன்பது, பகல் பதினொன்று ஐம்பத்திரண்டு. ஆபீஸ்ல ஒருத்தி என்னை ஏசி மெக்கானிக் ஆக்கிட்டா, எல்லாரும் சிரிக்கறாங்க. கீழே கலாமணியின் பதில், விடுங்க, சாப்டீங்களா. போனைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தான். பழைய சர்வரில், கடைசியாக மாற்றியது என்கிற வரியில் எண்பத்தைந்துக்கு இறக்கிய தேதி இருந்தது, அதற்குக் கீழே முதலில் உருவாக்கியது என்று இன்னொரு தேதி. மார்ச் ஒன்பது, பகல் பன்னிரண்டு இருபது.

இருபத்தெட்டு நிமிஷம். அந்த இருபத்தெட்டு நிமிஷத்தில் என்ன செய்தான்? கீழே இறங்கிப் பேக்கரிக்குப் போனான், ஒரு தேங்காய் பன் தின்றான், அதில் டூட்டி ஃப்ரூட்டி கம்மியாக இருந்தது என்று கடைக்காரரோடு பேசினான், மேலே வந்தான். பன் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பட்டியலைத் திறந்தது ஞாபகம் இல்லை. பிரசன்னன் பெயரைத் தாண்டினது, சத்யவதி பெயரைத் தாண்டினது, எதுவும் ஞாபகம் இல்லை. ஒருவேளை, நீ எனக்கு வேலை சொன்னாயா, வா, இனி ஞாயிறுதோறும் நீயும் ஓடு என்று நினைத்திருப்பானோ? அப்படி நினைக்கிற ஆளா நான்? பால்காரரை நம்பாதவன், பெற்ற பெண்ணின் மார்க்கை நம்பாமல் காலேஜுக்குப் போன் பண்ணினவன், பதினாறு வருஷமாக இந்தக் கண்ணாடி வழியாக இருபத்தைந்து பேரையும் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டவன், ஒரு ஆளை மட்டும் சந்தேகப்படாமல் விட்டிருக்கிறான். செவ்வாய்க்கிழமை ஒரு நிமிஷம் கூட யோசிக்காமல் தம்பிக்குப் பாஸ்வேர்டு கொடுத்திருப்பாள் என்று சொன்னது யார்? யோசித்திருந்தால் எஞ்சின் ஞாபகம் வந்திருக்குமே, ஞாயிறு ஒன்பது மணி என்றதும் வேறு யாருக்கு வராவிட்டாலும் எனக்கு வந்திருக்க வேண்டுமே. வந்ததா? வந்ததைத் தள்ளினேனா? மணி மூன்று ஐம்பத்தைந்து ஆகிவிட்டது. சன்னலில் ஹெப்சிபாவின் நாற்காலி காலியாக இருந்தது. அவன் எதையும் சேமிக்கவில்லை, எதையும் துடைக்கவும் இல்லை. திரையை அப்படியே விட்டுவிட்டு ஹாலைக் கடந்து மேனேஜர் அறைக்குப் போனான். கால்கள் போகிற வேகத்துக்கு மனசு வரவில்லை, அது இன்னும் தேங்காய் பன்னில் நின்றுகொண்டிருந்தது.

அவள் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள். கடிதம் மேஜை மேல் இருந்தது, விஸ்வேஸ்வரன் அதன் மேல் கையை வைத்திருந்தார். முடிஞ்சுதுங்களா சிகாமணி, பழசைத் துடைச்சாச்சா என்று கேட்டார். இல்லைங்க சார் என்றான். அப்புறம் நின்றபடியே, மூச்சு விட்டால் நின்றுபோய்விடும் என்கிற பயத்தில் ஒரே மூச்சாகச் சொன்னான். "ஞாயித்துக்கெழம ஒப்புதல் போட்டது இவங்க இல்லைங்க. நிரப்பற எஞ்சினுங்க. அத இவங்க பேர்ல ஓட விட்டிருந்தது நானுங்க." விஸ்வேஸ்வரன் நாற்காலியில் அசைந்தார். நாலரைக்கு மருந்துக் கம்பெனிக்குப் பேச வேண்டும், இதையெல்லாம் திங்கட்கிழமை உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றார். எண்பத்தைந்துக்கு இறக்கியது யார் சொல்லி என்றும் சொல்லட்டுமா என்று சிகாமணி கேட்டதும் அவர் கடிதத்தின் மேலிருந்து கையை எடுத்துவிட்டார். தெரிந்துதான் இருந்ததா, இப்போதுதான் தெரிந்ததா, அந்த முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் தடவையாக அவனுக்குக் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் இல்லை. ஹெப்சிபா அவர்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தாள். "அப்ப நான் இல்லையா?" என்றாள். இல்லைங்க என்றான். அவள் மறுபடியும் அதையே கேட்டாள். நான்கு நாளாகத் தன்மேல் தனக்கே நம்பிக்கை இல்லாமல் போயிற்று என்று சொன்னாள். ஒரு நாளைக்கு எத்தனையோ வாக்கியம் பார்க்கிற கண், அந்த ஞாயிறு கோவிலுக்குக் கிளம்புகிற அவசரத்தில் மடிக்கணினியைத் திறந்து போட்டுவிட்டு மறந்திருப்போமோ என்று நினைத்து நினைத்து, கடைசியில் திறந்தது ஞாபகமே வந்துவிட்டதாம், எந்தச் சேலை கட்டியிருந்தாள் என்பது வரைக்கும். பெயர் இருக்கிறதே, பெயர் இருந்தால் நான்தானே என்று கையெழுத்துப் போட்டாளாம். சிகாமணிக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது.

எழுதிக் கொடுங்கள் என்று அவள்தான் கேட்டாள். விஸ்வேஸ்வரன் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். சிகாமணி உட்கார்ந்து எழுதினான். நிரப்பும் எஞ்சினுக்குத் திருமதி ஹெப்சிபாவின் பெயரைத் தவறுதலாகக் கொடுத்தது நான், அவருக்கும் அந்த வாக்கியத்துக்கும் சம்பந்தமில்லை, செவ்வாய்க்கிழமை பாஸ்வேர்டு பற்றி நான் சொன்னது உண்மையில்லை. தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டான். ஹெப்சிபா தாளைத் தன் பக்கம் திருப்பி, பத்து வருஷமாக எந்தத் தாளையும் எப்படிப் படிக்கிறாளோ அதே மாதிரி, வார்த்தை வார்த்தையாகப் பேனா முனையை நகர்த்திக்கொண்டு படித்தாள். முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது.

"ஒப்புதல் போடற உரிமை அப்ப மூணு பேருக்கு இருந்துதுல்ல சார்?" என்றாள்.

"ஆமாங்க," என்றான்.

பேனா முனை தவறுதலாக என்கிற வார்த்தைக்கு அடியிலேயே இருந்தது. கண்ணைத் தூக்கி அவனைப் பார்த்தாள். "இந்த வார்த்தை இருக்கட்டுமா?"

அவன் அந்த வார்த்தையைப் பார்த்தான். இருக்கட்டும் என்று சொன்னால் அவள் விட்டுவிடுவாள் என்று தெரிந்தது. சிகாமணி அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி, அந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு, தாளை மேனேஜர் பக்கம் நகர்த்தினான்.